ராஜீவ் சௌக்கில் கிழக்கு எது?

கேள்வி, 14 நவம்பர் 2024

திருச்சியிலிருந்து டெல்லிக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ராஜீவ் சௌக் மெட்ரோவில் இறங்கி, படியேறிக் கன்னாட் பிளேஸில் தலை நீட்டியதும் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே தெரிவதில்லை. எங்கு பார்த்தாலும் அதே வெள்ளைத் தூண்கள். வீட்டுப் பக்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கட்டடம்தான் குழப்புகிறது என்கிறேன் நான். உன் மூளைதான் மந்தம் என்கிறார் அண்ணன். கட்டடம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், யார் சொல்வது சரி?

14 நவம்பர், இரவு

அண்ணன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மத்திய அரசுத் துறை ஒன்றில் 37 ஆண்டு டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். வரைந்த ஒவ்வொரு தாளின் மூலையிலும் வடக்குக் குறி போட்டவன். அப்படிப்பட்ட எனக்கே டெல்லியின் கிழக்கு 1984 முதல் தப்பாக இருக்கிறது. கொஞ்ச நஞ்சத் தப்பு இல்லை, நேர் எதிர். சூரியன் உதிக்கிற பக்கம் என் தலைக்குள் மேற்கு.

கன்னாட் பிளேஸைப் பொறுத்தவரை கட்டடத்தின் மேல் தாராளமாகப் பழி போடலாம். ராபர்ட் டோர் ரஸல் வரைந்தது. 1929-இல் தொடங்கி 1933-இல் முடித்தார்கள். வட்டத்துக்கு மூலை கிடையாது. மூலை இல்லாத இடத்தில் மனம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? உள்வட்டக் கட்டடங்களுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து நடங்கள், தூணைப் பார்த்து நடக்காதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

15 நவம்பர்

1984 ஜனவரி. எனக்கு வயது 23. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பனிமூட்டத்தில் தவழ்ந்து தவழ்ந்து புதுடெல்லி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த நிலையத்துக்கு இரண்டு வாசல்: மேற்கே பஹாட்கஞ்ச், கிழக்கே அஜ்மேரி கேட். என்னை அழைத்துப்போக வந்தவர் பஹாட்கஞ்ச் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். வெளியே வந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சூரியன் இருந்த இடத்தில் சாம்பல் பூசியிருந்தது.

இந்த இடத்தில்தான் கோளாறு. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. பிறந்ததிலிருந்து வாசல் தாண்டிக் காலை வெளியே வைத்தால் முன்னால் இருப்பது கிழக்கு. பஹாட்கஞ்ச் வாசலைத் தாண்டினேன், முன்னால் ஒரு தெரு கிடந்தது. யாரும் சொல்லாமலே தலைக்குள் ஒரு கை ஆணியை எடுத்து "இதோ கிழக்கு" என்று அடித்துவிட்டது. அதே தெரு வழியாகக் கரோல் பாக் போனோம். மேற்கே போனோம் என்பது இன்றைக்குத் தெரியும். அன்றைக்குக் கிழக்கே போனேன்.

நாற்பது ஆண்டு ஆகியும் அந்த ஆணியைப் பிடுங்க முடியவில்லை.

15 நவம்பர், சாப்பாட்டுக்குப் பிறகு

எழுத விட்டுப்போனது. வந்த சில நாளில் பொங்கல். கரோல் பாக்கில் தமிழ்ப் பிரம்மச்சாரிகள் நால்வர் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்தோம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி மாடியில் வைத்து, பனியில் நடுங்கிக்கொண்டே கிழக்குப் பார்த்துப் பொங்கல் வைத்தது நான். பானை பொங்கிற்று, கும்பிட்டோம், சாப்பிட்டோம். நண்பகலில் பனி விலகி வெயில் வந்தது. சூரியன் வடக்கே நின்றது! அறையில் மூத்தவரிடம் கேட்டேன்: "டெல்லியில் சூரியன் வடக்குப் பக்கமாகவா போகும்?" அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொங்கல் வைத்திருக்கிறாய்."

17 நவம்பர்

ரோகிணியிலிருந்து ஒருவர் "இதெல்லாம் பிரமை, ஒரு திசைமானி வாங்குங்கள்" என்கிறார். ஐயா, திசைமானியைக் கையில் வைத்துக்கொண்டே சம்பளம் வாங்கியவன் நான். எது கிழக்கு என்பது அறிவுக்குத் தெரியும். அறிவு ஒரு பக்கம் கை காட்டும், உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. பின்னாளில் அறிவுத்திறன் சோதனைக்குப் பேர் போன ஆல்ஃபிரட் பினே, திசைகள் நேர் எதிராகத் தோன்றும் இந்த மயக்கத்தைப் பற்றி 1894-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

அவருக்குக் காரணம் தெரிய வாய்ப்பில்லை. 1984-இல், நான் பஹாட்கஞ்சில் நின்ற அதே ஆண்டில், ஜேம்ஸ் ராங்க் என்பவர் எலியின் மூளையில் ஒரு வகை நரம்பணுவைக் கண்டார். எலியின் தலை ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கும்போது மட்டும் அது துடிக்கும். எலி எங்கே நிற்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே கணக்கு. அடுத்த திசைக்கு அடுத்த நரம்பணு. ராங்க் குழுவினர் 1990-இல் வெளியிட்ட சோதனையில் எலியை ஓர் உருளைக்குள் விட்டு, உள்சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டினார்கள். அட்டையை இடம் மாற்றி ஒட்டினால் நரம்பணுக்களின் திசையும் கூடவே நகர்ந்தது. காந்தமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கண்ணுக்குப் பட்ட அடையாளத்தில் கொண்டுபோய்க் கயிற்றைக் கட்டிவிடுகிறது மூளை. இன்னொன்று: இவை தனித்தனியாகத் திரும்புவதில்லை. ஒன்று திரும்பினால் மொத்தக் கூட்டமும் அதே அளவுக்குத் திரும்புகிறது.

என் வெள்ளை அட்டை பஹாட்கஞ்ச் வாசல். டெல்லியின் ஒரு தெரு மட்டும் தப்பாக இருந்து மற்றவை சரியாக இருக்கும் என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊர் முழுக்க ஒரே தட்டில் வைத்துத் திருப்பியது போலத் தப்பு.

17 நவம்பர், இரவு

வாஸ்து பார்க்கச் சொன்னவருக்கு: எந்தக் கிழக்குக்குப் பார்ப்பது, உலகத்தின் கிழக்குக்கா, என் கிழக்குக்கா?

20 நவம்பர்

கேள்வி கேட்ட பெண் "வீட்டுப் பக்கத்தில் தொல்லை இல்லை" என்று எழுதியிருந்தார். கொடுத்து வைத்தவர். எனக்கு வீட்டுப் பக்கத்திலும் இருந்தது, ஆனால் அது வேறு ரகம்.

கல்யாணமானதும் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அந்தக் குடியிருப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள் வரிசை வரிசையாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அதே மஞ்சள் சுவர், அதே மாடிப்படி, மாடித் திருப்பத்தில் அதே உடைந்த ஜாலி. மூன்றாம் மாதம், மின்சாரம் போன ஒரு மாலையில் மாடியேறிச் சாவியைப் போட்டுத் திருகுகிறேன், திருகுகிறேன், திரும்பவில்லை. உள்ளேயிருந்து கதவு திறந்தது. ஆறடி சர்தார்ஜி கையில் மெழுகுவத்தியோடு நிற்கிறார். அடுத்த பிளாக். மனிதர் சிரித்துக்கொண்டே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அவருடைய மைத்துனர் போன வாரம்தான் எங்கள் பிளாக்கில் ஏறிச் சாவியைப் போட்டுப் பார்த்தாராம்.

எலிக்கும் இதே கதி. எலி ஓர் அறையின் குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது மட்டும் துடிக்கும் இட நரம்பணுக்களை, ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஜான் ஓ'கீஃப் 1971-இல் கண்டார். 2014-இல் நோபல் பரிசில் பாதி அவருக்கு, மறுபாதி, இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் கட்ட நரம்பணுக்களைக் கண்ட மோசர் தம்பதிக்கு. 2016-இல் வெளியான ஒரு சோதனையில் ஒரே மாதிரி அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில், ஒரே திசை பார்க்க அடுக்கி எலியை விட்டார்கள். முதல் அறையில் எந்த மூலையில் துடித்ததோ, மற்ற அறைகளிலும் அதே மூலையில் அதே நரம்பணு துடித்தது. எத்தனையாவது அறை என்பதே எலிக்கு மங்கிப்போகிறது. அதே அறைகளை விசிறி போல விரித்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு திசை பார்க்க வைத்தபோது குழப்பம் குறைந்தது.

சர்தார்ஜியின் மைத்துனரையும் என்னையும் விட்டு இந்தச் சோதனையைச் செய்திருந்தால் எலிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

21 நவம்பர்

ஒருவர் மடக்கியிருக்கிறார். "விசிறி போல விரித்தால் குழப்பம் குறையும் என்றால் கன்னாட் பிளேஸும் விசிறிதானே? அங்கே ஏன் எல்லோரும் விழிக்கிறார்கள்?"

நேற்றே இது உறுத்தியிருக்க வேண்டும். இரவெல்லாம் யோசித்தேன். எனக்குப் பட்டது இது: அறைகள் வெவ்வேறு திசை பார்க்கின்றன என்று தெரிய எலிக்குள் திசைக் கணக்கு பிசகாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நடுக்கூடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்குள்ளும் எலி தானே நடந்து போகிறது, எவ்வளவு திரும்பினோம் என்ற கணக்கு அதன் கையில் இருக்கிறது. ராஜீவ் சௌக்கிலோ பூமிக்கடியில் மஞ்சள் தடத்திலிருந்து நீலத் தடத்துக்கு, அங்கிருந்து நகரும் படிக்கு, ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், கூட்டம் தள்ளிய பக்கம் மூன்றாவது திருப்பம். மேலே வரும்போது கணக்கு தொலைந்திருக்கும். தொலைந்த கணக்கோடு வட்டத்தில் வந்து நின்றால் எல்லாக் கட்டடமும் ஒன்றுதான்.

ஆகவே முதல் நாள் வட்டத்தின் மேல் போட்ட பழியில் பாதியை நிலவறைக்கு மாற்றுகிறேன். 1984-இல் நான் பஸ்ஸில் போய்க் கன்னாட் பிளேஸில் இறங்குவேன். அப்போது என் கிழக்கு தப்பாக இருந்தது, ஆனால் ஒழுங்காகத் தப்பாக இருந்தது. தொலைந்ததே இல்லை.

26 நவம்பர்

இந்த வாரம் காற்று நஞ்சாகி ஜன்னலைத் திறக்க முடியவில்லை. சூரியனும் இல்லை. ஊர் நினைவாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. "கீழண்டைத் தூணில் சாய்ந்து உட்கார்." "வடவண்டை உள்ளில் நெல் இருக்கிறது." "பாயைத் தெற்கே இழுத்துப் போடு." பாட்டி கண்ணில் புரை விழுந்த பிறகும் கூடத்தில் பந்தி போட்டால் "அந்த இலையை ஒரு சாண் மேற்கே தள்ளு" என்பாள். வாசலில் நின்றால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு எல்லாம் ஒரே கோட்டில் கொல்லை வரை தெரியும். வீடே ஒரு திசைமானி. தெருவும் அப்படித்தான். மதுரையைப் பாருங்கள், கீழ மாசி வீதி, மேல மாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி. பெயரைப் படித்தாலே எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

1990-களில் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் பீடர்சன் தமிழ்நாட்டுக்கே வந்து இதை ஆராய்ந்தார். ஒரே மொழி பேசுகிறவர்களில் நகரத்தார் இடது வலது என்றும், கிராமத்தார் கிழக்கு மேற்கு என்றும் சிறு பொருள்களைக்கூடக் குறிப்பதைக் கவனித்தார். அந்தக் குழுவின் பெயர்போன சோதனை எளிமையானது. மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பிறகு ஆளை நேர் எதிரே திருப்பி, இன்னொரு மேசையில் அதே மாதிரி வைக்கச் சொல்வார்கள். மாடு உங்கள் வலப்பக்கம் பார்த்தது என்று நினைவு வைத்தவர் மறுபடி வலப்பக்கம் வைப்பார். வடக்கே பார்த்தது என்று நினைவு வைத்தவர் வடக்கே வைப்பார், அது இப்போது இடப்பக்கம். கிராமத்தார் வடக்குப் பக்கமே சாய்ந்தார்கள்.

மொழிதான் மூளையை இப்படி வளைக்கிறது என்றது அந்தக் கூட்டம். 2002-இல் பெகி லீ, லைலா க்ளைட்மன் இருவரும் மறுத்தார்கள். அமெரிக்க மாணவர்களிடம் அதே பொம்மைகளைக் கொடுத்து, ஜன்னல் திரையை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை, வெளியே புல்வெளியில் ஒரு தடவை என்று செய்து பார்த்தார்கள். ஆள் எந்த முறையில் நினைவு வைக்கிறார் என்பது சுற்றி என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தும் மாறும் என்றார்கள். எதிர்த்தரப்பு அதே ஆண்டு பதில் எழுதியது, சண்டை இன்னும் ஓயவில்லை. மொழியா ஜன்னலா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். என் பாட்டிக்கு இரண்டும் இருந்தன: கிழக்கு மேற்கு பேசும் மொழியும், கிழக்கு மேற்கு காட்டும் வீடும். நான் அவள் மொழியை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு, ஜன்னலில் எதிர்பிளாக் மட்டுமே தெரியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மாமனார் ஆர்.கே.புரம் வந்திருந்தபோது "மாப்பிள்ளை, செம்பு எங்கே?" என்று கேட்டார். "அலமாரிக்குக் கீழண்டை" என்றேன். பாவம், அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்த் தேடிக்கொண்டிருந்தார். செம்பு மேலண்டையில் இருந்தது.

2 டிசம்பர்

"ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்துபோகிறதே, அதுவும் கட்டடம் செய்கிற வேலையா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்பவர் கதவு நிலையைத் தாண்டுவதே நினைவை வெட்டுகிறது என்று காட்டினார். 2021-இல் ஆஸ்திரேலியாவில் திரும்பச் செய்து பார்த்தவர்கள், தலையில் வேறு சுமையும் இருந்தால்தான் அப்படி நேர்கிறது என்றார்கள். எனக்கு நிலையைத் தாண்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே மறந்துபோகிறது. அதற்கு வயது என்று பெயர்.

9 டிசம்பர்

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. இப்போது நான் இருக்கும் மயூர் விஹாரில் என் கிழக்கு சரியாக இருக்கிறது!

2006 ஏப்ரலில் ஆர்.கே.புரம் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம். சாமான் ஏற்றிய லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிஜாமுதீன் பாலத்தில் ஏறியதும் காலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. யமுனையைத் தாண்டும் வரை கையை நெற்றியில் வைத்துக்கொண்டே வந்தேன். அந்த வெயில்தான் இங்கே ஆணி அடித்தது. முதல் நாளிலிருந்து இந்த வீட்டின் கிழக்கு கிழக்காகவே இருக்கிறது.

அப்படியானால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சரியான டெல்லி, அந்தப் பக்கம் தலைகீழ் டெல்லி. நடுவில் எங்கேயோ உலகம் அரைச்சுற்றுச் சுற்றியாக வேண்டும். எங்கே? மெட்ரோவில் பல தடவை கவனித்துவிட்டேன். யமுனா பேங்க், இந்திரபிரஸ்தம், சுப்ரீம் கோர்ட் நிலையம் வரை ரயில் மேலே ஓடுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு சுரங்கத்துக்குள் இறங்குகிறது. மண்டி ஹவுஸில் கதவு திறக்கும்போது பார்த்தால் திரும்பியிருக்கிறது. இருட்டுதான் காரணம். வெளியே அடையாளம் இல்லாத அந்த இரண்டு நிமிடத்தில் மூளை பழைய தாளை எடுத்து விரித்துவிடுகிறது.

10 டிசம்பர்

நேற்று எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "இந்தப் பக்கம் மெட்ரோ வந்தது 2009-இல். அதற்கு முன்னால் மூன்று வருஷம் பஸ்ஸில்தானே ஆபீஸ் போனீர்கள்? அப்போதும் இதே புலம்பல்தானே? பஸ் எந்தச் சுரங்கத்தில் போயிற்று?"

பதில் இல்லை. சுரங்கக் கொள்கையை வாபஸ் வாங்குகிறேன்.

அவளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதையும் குறித்துவைக்கிறேன். அவள் முதல் தடவை டெல்லியில் இறங்கியது மே மாதம், நல்ல வெயிலில்.

22 டிசம்பர்

மகள் அனுப்பிய ஒரு கட்டுரையை அகராதியும் கையுமாக இரண்டு வாரம் படித்தேன். 2014-இல் அமெரிக்காவில் ரஸல் எப்ஸ்டைன் குழுவினர் செய்தது. கணினித் திரையில் ஒரு பூங்கா, அதில் நான்கு அருங்காட்சியகங்கள். உள்ளே அமைப்பு ஒன்றேதான். ஆனால் ஒவ்வொன்றும் பூங்காவில் வெவ்வேறு திசை பார்த்து நிற்கிறது. ஆட்களை அதில் உலவவிட்டுப் பழக்கிய பிறகு, மூளையை ஸ்கேன் செய்துகொண்டே உள்ளே இருக்கும் பொருள்களை நினைவுபடுத்தச் சொன்னார்கள். மூளையின் பின்பக்கம் உள்ள ஒரு பகுதி, பூங்காவின் வடக்கைக் கணக்கில் வைக்கவில்லை. அந்தந்தக் கட்டடத்துக்கு உள்ளே எந்தச் சுவரைப் பார்க்கிறோம் என்பதையே வைத்திருந்தது. நான்கு கட்டடத்திலும் ஒத்த சுவரை ஒரே திசையாக எடுத்துக்கொண்டது.

அதாவது கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு சொந்தக் கிழக்கு. வாசலில் நுழைந்ததும் உலகத்தின் திசையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டின் திசையை மாட்டிக்கொள்கிறோம். 2009-இல் மோசர் தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் எலியைச் சுவர் வைத்து மடித்து மடித்துக் கட்டிய பாதையில் ஓடவிட்டார்கள். திறந்த தரையில் ஒரே விரிப்பாக இருந்த கட்ட நரம்பணுக்களின் படம், சந்துக்குச் சந்து துண்டாகி ஒவ்வொரு சந்திலும் புதிதாகத் தொடங்கியது. சுவர் வெறும் மறைப்பு இல்லை போலிருக்கிறது. மூளைக்குள் இருக்கும் தாளையும் கிழிக்கிறது.

இதைப் படித்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாள் நினைவு வந்தது. லாரி போனபின் பூட்டுவதற்காக ஒரு தடவை உள்ளே போனேன். கட்டில் இல்லை, அலமாரி இல்லை, சாமி படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். அந்த வெற்றறை, இருபது வருஷமாக இருந்த வீட்டைவிட அதிகமாக வீடாகத் தெரிந்தது. அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறதாம். இதே எப்ஸ்டைன், நான்சி கான்விஷரோடு சேர்ந்து 1998-இல் கண்டது: இடங்களைப் பார்த்ததும் கிளர்ந்தெழும் மூளைப் பகுதிக்குச் சாமான் நிறைந்த அறையும் ஒன்றுதான், வெற்றறையும் ஒன்றுதான். சுவரும் தரையும் கூடும் விதமே அதற்குப் போதும். வெறும் நாற்காலி மேசையை மட்டும் காட்டினால் அது ஏறக்குறையச் சும்மா இருக்கிறது. வெற்றறையில் நின்று கண் கலங்கியதற்கு அந்தப் பகுதி பொறுப்பா என்பதை அவர்கள் எழுதவில்லை.

5 ஜனவரி 2025

பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஞாயிறு காலை, ஜன்னலோர இடம், கைபேசியைப் பையில் போட்டுவிட்டேன். நிஜாமுதீன் பாலம் வரை சரி. ரிங் ரோடு சரி. புரானா கிலாவின் மதில் தெரிந்தது, அதுவும் சரி. இந்தியா கேட் வளைவில் பஸ் சுற்றும்போது ஒரு பையன் காலை மிதித்தான், "பார்த்து நில்" என்று திரும்பினேன். மறுபடி ஜன்னலைப் பார்த்தால் திரும்பிவிட்டிருந்தது.

வருகிற வழியிலும் பிடிக்க முடியவில்லை. தூக்கம் வருகிற நொடியைப் பிடிக்கப் பார்ப்பது போல இருக்கிறது.

30 ஜனவரி

நேற்று தொலைக்காட்சியில் விஜய் சௌக்கின் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. முதல் தடவை அதை நேரில் பார்த்த மாலை மறக்காது. வாத்தியங்கள் ஓய்ந்தன, ஒட்டகப்படை மேலே நிழலாக நின்றது, ரைசினா குன்றுக்குப் பின்னால் சூரியன் அஸ்தமித்தது. என் தலைக்குள் அது கிழக்கு. பக்கத்தில் எல்லோரும் மெய்மறந்து நிற்க, எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

அங்கே இரண்டு செயலகக் கட்டடத்துக்கு மதுரை வீதி போலவே திசையை வைத்துப் பெயர், நார்த் பிளாக், சவுத் பிளாக். என் டெல்லியில் நார்த் பிளாக் தெற்கே இருக்கிறது.

10 பிப்ரவரி

கேள்வி கேட்ட பெண்தான் யோசனை சொன்னார். கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல், நிலம் அப்படிச் சரிகிறது. "டெல்லியும் அப்படித்தானே ஐயா, மேற்கே ரிட்ஜ் என்ற குன்றுத்தொடர், கிழக்கே யமுனை. சூரியனை விடுங்கள், காலால் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். 37 ஆண்டு தரைமட்டக் கோடு வரைந்தவனுக்கு இது தோன்றவில்லை.

நேற்று மனைவியையும் அழைத்துக்கொண்டு இந்தியா கேட்டிலிருந்து கடமைப் பாதையில் நடந்தேன். நீண்ட தூரத்துக்குத் தரை சமம். குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடம் எதிரே நிமிர்ந்து நிற்கிறது. விஜய் சௌக்கை நெருங்க நெருங்க அது மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும். பழைய சண்டை அது. மாளிகையை வரைந்த லட்யன்ஸ், எந்தத் தூரத்திலிருந்தும் அது தெரிய வேண்டும் என்றார். இரு செயலகக் கட்டடங்களை வரைந்த ஹெர்பர்ட் பேக்கரின் ஏற்பாட்டில் சாலையின் சரிவு செங்குத்தாகிப்போய், கிட்டே வந்தவர் கண்ணுக்கு மாளிகை மறைந்தது. நெப்போலியனுக்கு வாட்டர்லூ போலத் தனக்கு "பேக்கர்லூ" என்று நொந்துகொண்டார் லட்யன்ஸ்; லண்டன் சுரங்க ரயில் தடம் ஒன்றின் பெயரும் அதுவே. மூன்று வருஷம் அந்தப் படங்களை நகலெடுத்திருக்கிறேன். தாளில் பார்க்கும்போது எனக்கும் அது பிழை என்றே பட்டது.

நேற்று அந்தச் சரிவு உதவிற்று. காவலர் விட்ட தூரம் வரை ஏறினோம். குவிமாடம் காணாமல்போனது. அடையாளம் போனதும் காலுக்கு அடியில் ஏற்றம் மட்டும் மிஞ்சியது. மேல், மேல் என்று சொல்லிக்கொண்டே அடி வைத்தேன். சவுத் பிளாக் பக்கம் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று, எந்த ஓசையும் இல்லாமல், அது மேற்கே இருந்தது. நார்த் பிளாக் வடக்கே. நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. நான் அசையாமல் நின்றேன். என்ன ஆயிற்று என்றாள். "பேசாதே, சரியாக இருக்கிறது" என்றேன்.

ஒரு நிமிடம் இருந்திருக்கும். இந்தியா கேட்டைப் பார்க்கலாம் என்று திரும்பினேன், போய்விட்டது.

11 பிப்ரவரி

ஒரு திருத்தம். ஒரு நிமிடம் இல்லையாம், பத்து விநாடிகூட இருக்காது என்கிறாள். மேலும், திரும்பி வரும்போது மெட்ரோவில் நான் தூங்கிவிட்டேன், மண்டி ஹவுஸ் தாண்டியதும் என்னைத் தட்டி எழுப்பி, "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாளாம். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினேனாம், சரியான பக்கம். எனக்கு நினைவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம். கணக்கு எழுத நோட்டும் பென்சிலும் அவள் கையில்.